ஒரு ‘முடியாது’ கிடைக்குங்களா?

மரகதம் காலையில் எழுந்து பல் துலக்கினாள். தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டே நாலைந்து தடவை “முடியாது, முடியாது” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு வேலைக்குக் கிளம்பினாள். நோயாளிகளின் வீடு தேடிப் போய், “உங்கள் சிகிச்சைக்குக் காப்பீட்டில் இடமில்லை, முடியாது” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவதுதான் அவள் வேலை.

அந்தக் காலத்தில் அது மதிப்பான உத்தியோகம். கணக்கு எழுதுவது, வழக்காடுவது, பிரசவம் பார்ப்பது, ஜாதகம் கணிப்பது எல்லாமே இயந்திரங்களின் கைக்குப் போய்விட்டிருந்தது. மனிதர்களுக்கென்று மிஞ்சியிருந்த வேலைகளை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். மரகதத்தின் கணவன்கூட உள்ளூரில் வேலை கிடைக்காமல் நிலாக் குடியிருப்பில் தூசி தட்டிக்கொண்டிருந்தான். பொங்கலுக்குப் பொங்கல் வந்து போவான். அப்படியிருக்க, ஈரோட்டிலேயே அவளுக்கு ஒரு வேலை இருந்தது என்றால் அதற்குக் காரணம் அரசாங்கம் கொண்டுவந்த ஒரு சட்டம்.

அதற்கு முன்னால் விஷயம் இப்படித்தான் நடந்தது. எல்லோருடைய தோள்பட்டைக்குள்ளும் நெல்மணி அளவில் ஓர் உடற்கணி பதிந்திருக்கும். உடம்புக்குள் நோய் தலைகாட்டியதுமே அது கண்டுபிடித்து, ஆள் இருமுவதற்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கோரிக்கை அனுப்பிவிடும். நிறுவனத்தின் மதிப்பீட்டு இயந்திரம் கண் இமைக்கிற நேரத்தில் முடிவெடுத்து, சம்மதமோ மறுப்போ, நோயாளியின் காதுக்குள்ளேயே சொல்லிவிடும். கோபிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரம் பார்த்து மணப்பெண்ணின் காதில், “தங்கள் சிறுநீரகக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது” என்று குரல் ஒலித்தது. பெண் “ஐயோ, வேண்டாம்!” என்று அலறினாள். மாப்பிள்ளை வீட்டார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு பந்தலிலிருந்து எழுந்து போய்விட்டார்கள். மாநிலமே கொந்தளித்தது.

அப்போதுதான் நேர்முக மறுப்புச் சட்டம் வந்தது. மாநிலத்தில் பிறந்த எல்லோருக்கும் காப்பீடு உண்டு, ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே சந்தா. சம்மதத்தை இயந்திரம் சொல்லலாம். மறுப்பை மட்டும் ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய், கண்ணைப் பார்த்து, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அங்கேயே மனம் இளகி அவர் “சரி” என்று சொல்லிவிட்டால் அதுவும் செல்லும். எந்த நிறுவனம் குறைவாக மறுக்கிறதோ அதற்கு அரசின் மானியம் கூடும், அதைக்கொண்டு சந்தாவும் குறையும். மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு. “ஒரு மனுஷன் மூஞ்சியப் பாத்து இன்னொரு மனுஷனால எப்படிங்க முடியாதுன்னு சொல்ல முடியும்?” என்று சுகாதார மந்திரி சட்டசபையில் தழுதழுத்தபோது எல்லாக் கட்சிகளும் மேசையைத் தட்டின.

மந்திரி சொன்னது முதலில் பலிக்கத்தான் செய்தது. ஆரம்பத்தில் வேலைக்கு வந்தவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்ததும் “சரி, சரி” என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நிறுவனம் அவர்களை உடனுக்குடன் வீட்டுக்கு அனுப்பியது. மரகதத்துக்கு முன்னால் இருந்தவர் அப்படிப் போனவர்தான். அந்தப் பயத்தோடுதான் அவள் சேர்ந்தாள். சேர்ந்த புதிதில், மயில்சாமி என்ற சிறுநீரக நோயாளியிடம் கண்ணை இறுக மூடிக்கொண்டு “முடியாதுங்க” என்று சொல்லிவிட்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதாள்.

அன்றைக்குப் போக வேண்டியிருந்தது சங்ககிரிப் பாதையில் இருந்த சென்னியப்பன் வீட்டுக்கு. அவர் வான்லாரிக்காரர். லாரி தானாகவே பறக்கும், தானாகவே இறங்கும். ஆனாலும் முன் இருக்கையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தாக வேண்டும் என்று லாரிச் சங்கம் போராடி வாங்கிய விதி இருந்ததால், மஞ்சள் மூட்டைகளோடு நாடெல்லாம் சுற்றி வந்தவர். இப்போது அவருடைய இதயத்தில் ஒரு வால்வு கிழிந்துபோயிருந்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்த புது வால்வு வைத்தால் பிழைத்துக்கொள்வார். மதிப்பீட்டு இயந்திரம் அவருடைய வயதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தது.

மரகதம் வாசலை மிதிக்கும்போதே சென்னியப்பனின் மனைவி ருக்குமணி எதிரே வந்துவிட்டாள். மரகதத்தின் தோளுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவில் ஒரு சாட்சிப்பொறி மிதந்துகொண்டிருந்தது. அதிகாரி என்ன சொன்னார் என்பதைக் கேட்டு அரசுக்குத் தெரிவிப்பது அதன் பொறுப்பு.

“வாங்க அம்மிணி, உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க. மொதல்ல ரெண்டு வாய் சாப்புடுங்க, அப்புறமேட்டுப் பேசிக்கலாம்” என்றாள் ருக்குமணி. தட்டில் சுடச்சுடச் சந்தகையும் தேங்காய்ப் பாலும் வந்துவிட்டன.

சென்னியப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. “நா ஏறி உக்காந்தா லாரி கெளம்ப மாட்டேங்குதுங்க. என்ற நெஞ்சு சத்தம் அதுக்குக் கேக்குதாமா. ‘எறங்குங்க’ன்னு சொல்லுது. என்ற வண்டி, என்னையவே எறங்கச் சொல்லுது பாருங்க.” சிரித்தார். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

மரகதம் சந்தகையை விழுங்கினாள். காலையில் கண்ணாடி முன்னால் அத்தனை தடவை சொல்லிப் பழகிய வார்த்தை இப்போது வாயில் வரவில்லை. “சரி” என்று சொன்னால் வேலை போய்விடும். ருக்குமணி இன்னொரு கரண்டி தேங்காய்ப் பால் ஊற்றிவிட்டு, “எங்கூட்டுக்காரருக்குச் செஞ்சு குடுத்துருவீங்கல்லங்க?” என்று கேட்டாள்.

“பாக்கலாமுங்க” என்றாள் மரகதம்.

அவள் யோசித்துச் சொன்ன வார்த்தை அல்ல அது. தானாக வந்தது. ருக்குமணியின் முகம் மலர்ந்துவிட்டது. சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாட்சிப்பொறி மட்டும் அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நின்று கேட்டது: “அதிகாரி அவர்களே, இது சம்மதமா, மறுப்பா?”

“பாக்கலாம்னு சொன்னேன்ல?”

பொறி சிறிது நேரம் உள்ளுக்குள் முனகியது. அதைச் செய்தவர்கள் உலகத்திலுள்ள அகராதிகளையெல்லாம் அதற்குள் ஏற்றியிருந்தார்கள். எந்த அகராதியிலும் அந்த வார்த்தைக்கு அவள் சொன்ன பொருள் இல்லை. கடைசியில், “உரையாடல் தொடர்கிறது” என்று பதிந்துகொண்டு அமைதியானது. மரகதம் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பினாள். கண்ணீர் இல்லை, சாபம் இல்லை. வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வழியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினாள்.

அடுத்த வீட்டிலும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வீட்டில் “கேட்டுச் சொல்றனுங்க” என்றாள். பிறகு “ஆகட்டுங்க” என்றாள். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள்.

ஒரு நாள் வட்டார மேலாளர் பிரபாவதி அவளைக் கூப்பிட்டனுப்பினாள். வேலை போய்விட்டது என்றே மரகதம் நினைத்தாள்.

“ஏம்மா, போன மாசம் முழுக்க நீ ஒருத்தருக்குக்கூட முடியாதுன்னு சொல்லல. சரின்னும் சொல்லல. எப்படி?”

மரகதம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பிரபாவதி நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அட, இத்தன நாளா இது எனக்குத் தோணலையே! எங்க அப்பா நெலம் அளக்கற ஆபீசுல இதையேதானே காலமெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாரு!”

அதற்குப் பிறகு மாநிலம் முழுக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி நடந்தது. மரகதமே போய் மேடையில் நின்று சொல்லிக் கொடுத்தாள். குரலை எங்கே இறக்க வேண்டும், தலையை எந்தக் கோணத்தில் ஆட்டினால் சாட்சிப்பொறிக்கு எதுவுமே விளங்காது, பேச்சு நெருக்கடியான இடத்துக்கு வரும்போது “பையன் என்ன படிக்கறான்?” என்று எப்படித் திருப்புவது, எல்லாம் சொன்னாள். அந்த வருஷம் மாநிலத்தில் மறுப்பே இல்லை. அரசின் மானியம் முழுதாக வந்தது. சந்தா குறைந்துகொண்டே வந்து, ஒரு வேளை டிபன் செலவுக்குள் குடும்பத்துக்கே காப்பீடு என்றானது. எல்லோருக்கும் காப்பீடு, எல்லோருக்கும் கட்டுப்படியாகும் சந்தா, ஒருவருக்கும் மறுப்பில்லை. மற்ற மாநிலங்களிலிருந்து குழுக்கள் வந்து பார்த்து வியந்து, குறிப்பெடுத்துக்கொண்டு போயின. அவ்வளவு பெரிய சாதனைக்கு நடுவே, மருத்துவமனைப் படுக்கைகள் காலியாகிக்கொண்டே வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மக்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மரகதமும் அப்படித்தான் நினைத்திருந்தாள், பெருந்துறைச் சந்தையில் மயில்சாமியைப் பார்க்கிற வரைக்கும்.

ஒரு மூட்டை வெங்காயத்தைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வந்த ஆள் அவளைக் கண்டதும் மூட்டையை இறக்கிவிட்டுக் கும்பிட்டான். அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மறுத்த ஆள். திட்டப் போகிறான் என்று ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

“நீங்க நல்லா இருக்கோணுமுங்க அம்மிணி. நீங்க அன்னைக்கு முடியாதுன்னு சொல்லலீன்னா நா இன்னைக்கு இல்லீங்க.”

“என்னங்க சொல்றீங்க?”

“முடியாதுன்னு சொல்லிட்டீங்களா, அழுதுக்கிட்டே மேல்முறையீட்டுக்குப் போட்டனுங்க. அங்க ஒரு மெஷினுதான் ஒக்காந்திருக்குது. என்ற ஒடம்புக் கணக்கப் பாத்துட்டு, ‘செய்து கொடுக்கவும்’னு உடனே சொல்லிருச்சுங்க. அதுக்கு யாரு மூஞ்சியும் பாக்கத் தெரியாதுங்களே. நியாயத்த மட்டும் பாத்துது.”

“எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுதுங்களா?”

“முக்காவாசிப் பேருக்குச் சொல்லுதுங்க. ஆனா ஒண்ணு, முடியாதுன்னு சொன்னாத்தானுங்க அங்க போக முடியும். என்ற மச்சானுக்கு நுரையீரலு. உங்காளு ஒருத்தரு வந்தாரு, பாக்கலாம்னாரு. ஒரு வருசமாப் பாத்துக்கிட்டே இருக்காங்க. அவரு படுத்த படுக்கையாப் போயிட்டாருங்க.”

சட்டத்தில் அந்த வரி இருப்பது அவளுக்குத் தெரியும், பயிற்சியின்போது படித்ததுதான். போய் ஜெயித்தவர் யாரையும் அவள் பார்த்ததில்லை, நிறுவனமும் சொன்னதில்லை. சந்தையில் வாங்க வந்ததை மறந்துவிட்டு நேராகச் சங்ககிரிப் பாதைக்கு வண்டியைத் திருப்பினாள்.

போகிற வழியில் யோசித்தாள். சென்னியப்பனுக்கு ஒரு “சரி” சொல்லிவிடலாம். ஆனால் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் காப்பி குடித்த மற்ற வீடுகள் அப்படியே கிடக்கும். அவர்களுக்கெல்லாம் யார் போய்ச் சொல்வது?

சென்னியப்பன் இப்போது கட்டிலிலிருந்து எழுந்திருப்பதில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் அவளைப் பார்த்ததும் கண்ணில் வெளிச்சம் வந்தது. ருக்குமணி அடுப்படிக்கு ஓடினாள். “ஒண்ணும் வேண்டாமுங்க” என்றாள் மரகதம். உட்காரவும் இல்லை. உட்கார்ந்தால் வராது என்று அவளுக்குத் தெரியும். அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“முடியாதுங்க” என்றாள்.

சாட்சிப்பொறி, வெகு நாளாகச் சாப்பாடு கிடைக்காதவன் இலையைப் பார்த்ததுபோல் சட்டென்று முன்னால் வந்து, “மறுப்பு பதியப்பட்டது” என்றது.

ருக்குமணி கையில் இருந்த தட்டைக் கீழே போட்டாள். “நீயெல்லாம் ஒரு பொம்பளையா? ஒரு வருசமா உன்னைய நம்பி… எந்திரிச்சுப் போடி வெளிய!” நின்றுகொண்டிருந்தவளைத்தான் எழுந்து போகச் சொன்னாள். மரகதம் வாசலுக்கு வந்தபிறகும் திரும்பி நின்று, “இப்பவே மேல்முறையீட்டுக்குப் போடுங்க! அழுகறத அப்புறம் அழுதுக்கலாம், மொதல்ல போடுங்க!” என்று கத்தினாள். பதிலுக்கு ஒரு சொம்பு பறந்து வந்து அவள் வண்டிக்குள் விழுந்தது.

மறுநாள் விடிவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. அந்த வாரமே வால்வு வைத்தார்கள். லாரி அவரை மறுபடி ஏற்றிக்கொண்டது. ருக்குமணி சொம்பைத் திரும்ப வாங்குகிற சாக்கில் மரகதத்தின் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள்.

மரகதம் தன் பழைய வீடுகளுக்கெல்லாம் வரிசையாகப் போய் “முடியாது” சொன்னாள். இப்போது அந்த வார்த்தை கோவில் மணி மாதிரி கணீரென்று வந்தது. செய்தி பரவியது. மற்ற அதிகாரிகளின் நோயாளிகளும் அவள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். காலையில் கதவைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் ஆட்கள் நின்றார்கள்.

“அம்மிணி, எங்கம்மாளக் கூட்டியாந்திருக்கறனுங்க, ஒரே ஒரு ‘முடியாது’ கிடைக்குங்களா?”

“முடியாதுங்க.”

“நெம்பச் சந்தோசமுங்க!”

பூசணிக்காய், தேன், கோழி என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் வாங்க மறுத்தால் அதற்கும் நன்றி சொன்னார்கள்.

நிறுவனம் திடுக்கிட்டது. மாநிலத்தில் மொத்த மறுப்பும் ஒரே ஒரு அதிகாரியிடமிருந்து வந்துகொண்டிருந்தது. மானியம் சரிந்தது. செய்தி அலைவரிசைகள் அவளுடைய முகத்தைக் காட்டி, ‘கல்நெஞ்சக்காரி’ என்று பெயர் வைத்தன. செய்தியாளர்கள் கேட்டபோது ஊர்மக்கள் மரகதத்தை ஆதரித்துத்தான் பேசினார்கள். ஆனால் “அவங்க முடியாதுன்னாங்க, அதனாலதான் பொழச்சோம்” என்று சொன்னது கேட்பவர்களுக்குப் புரியவேயில்லை. பிரபாவதி அவளை வேலையை விட்டு நீக்கினாள். அந்த ஆண்டின் கருணைப் பதக்கம் ஈஸ்வரமூர்த்தி என்ற பவானிப் பக்கத்து அதிகாரிக்குப் போனது. அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஒருவரையும் மறுத்ததில்லை.

வேலை போன ஆறேழு மாதத்தில் மரகதத்தின் வலது கண் மங்கத் தொடங்கியது. விழித்திரை இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருப்பதாக உடற்கணி சொன்னது. விழித்திரையைப் புதிதாக நெய்து பொருத்துகிற சிகிச்சை இருந்தது. மதிப்பீட்டு இயந்திரம் வேண்டாம் என்றது. அதைச் சொல்ல ஈஸ்வரமூர்த்தி வந்தார்.

பதக்கம் சட்டையில் மின்னியது. நல்ல மனுஷர்தான். உட்கார்ந்தார், காப்பியைப் புகழ்ந்தார், நிலாவில் இப்போது குளிரா என்று விசாரித்தார். “கண்ணுங்கறது சாதாரண விசயமுங்களா அக்கா? எனக்கே மனசு கஷ்டமா இருக்குதுங்க” என்றார். அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. பிறகு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, “பாக்கலாமுங்க அக்கா” என்றார்.

மரகதம் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

“எங்கிட்டயேவா? அந்த வார்த்தைய இந்த உத்தியோகத்துக்குக் கொண்டாந்தவளே நாந்தாங்க தம்பி. முடியாதுன்னு சொல்லிட்டுப் போங்க.”

“ஐயோ, நானெப்படிங்க அக்கா உங்களப் பாத்து அதச் சொல்லுவேன்?”

“மேல்முறையீட்டுக்குப் போகணும் தம்பி. மூணு எழுத்தா நாலு எழுத்தா, சொல்லிப்போடுங்க. மு-டி-யா-து.”

ஈஸ்வரமூர்த்தி “மு” என்றார். உதடு குவிந்தது. அதோடு நின்றது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சொல்லாத வார்த்தை. வாய்க்கு வழி மறந்துபோயிருந்தது. முகம் வியர்த்தது. ஜன்னலைப் பார்த்தார், கம்பி போட்டிருந்தது. “பசங்க என்ன படிக்கறாங்க?” என்றார். “எனக்குக் கொழந்த இல்லீங்க” என்றாள் மரகதம். “ஆகட்டுங்க” என்றார். அவள் நகரவில்லை. தலையை ஒரு மாதிரிச் சாய்த்து ஆட்டினார். அந்த ஆட்டலைச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். சாட்சிப்பொறி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “சம்மதமா, மறுப்பா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

வெயில் ஏறியது. காப்பியோடு குடித்த தண்ணீரும் சேர்ந்து ஈஸ்வரமூர்த்திக்கு வெளியே போயாக வேண்டிய அவசரம் வந்துவிட்டது. காலை மாற்றி மாற்றி வைத்தார். மறுபடி ஒரு தடவை “மு” என்றார். கடைசியில் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, “சரிங்க, சரிங்க, செஞ்சு குடுத்தர்றமுங்க, கதவத் தொறங்க அக்கா!” என்று அலறிவிட்டார்.

“சம்மதம் பதியப்பட்டது” என்றது பொறி.

மரகதத்துக்குப் பார்வை திரும்பியது. ஈஸ்வரமூர்த்தியின் பதக்கத்தை யாரும் பிடுங்கவில்லை. வெகு காலத்துக்குப் பிறகு நோயாளியின் முகத்தைப் பார்த்து மனம் இளகிய அதிகாரி என்று அரசாங்கம் அவருக்கு இன்னொன்றும் கொடுத்தது. சட்டம் எழுதியவர்கள் தங்கள் நம்பிக்கை வீண்போகவில்லை என்று பெருமூச்சு விட்டார்கள். நிறுவனம் மட்டும் அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது: யார் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்கக் கூடாது, தெருவில் நின்றே பேசிவிட்டு வர வேண்டும்.

இப்போது ஈரோட்டுப் பக்கம் போகிறவர்கள் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். தெருவில் ஓர் அதிகாரி வந்து நின்றதும் வீட்டில் இருக்கிற பெரியவர், பெண்கள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ஓடி வந்து, “அதெப்படிங்க வாசலோட போவீங்க?” என்று அவர் கையைப் பிடித்துக் குண்டுக்கட்டாக உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கொங்கு நாட்டு விருந்தோம்பலைப் போல எங்கேயும் கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் மெச்சிக்கொண்டு போகிறார்கள்.